பட்டாவுக்கு முன்பே இருந்த உரிமை

பழங்குடி உரிமை பற்றிப் பேச்சு வந்தால், நன்றாகப் படித்த, நல்ல மனமுள்ள ஒருவர் கட்டாயம் இந்தக் கேள்வியைக் கேட்பார்: "மனித உரிமை எல்லாருக்கும் பொதுதானே? அப்புறம் பழங்குடிகளுக்கென்று தனியாக ஓர் உரிமை எதற்கு? ஒருவருக்குக் கூடுதலாகக் கொடுத்தால் அது சமத்துவமா?" கேள்வியில் கெட்ட எண்ணம் இல்லை. சமத்துவத்தை நம்புகிறவர்தான் இப்படிக் கேட்க முடியும். ஆனால் 'கொடுத்தால்' என்று அவர் சொல்கிறாரே, அந்த எண்ணத்தில்தான் சிக்கல் இருக்கிறது. சர்வதேசச் சட்டம் படிப்பவர்கள் அந்தச் சிக்கலை அவிழ்க்கக் கடந்த நாற்பது ஐம்பது ஆண்டுகளாக முயன்று வருகிறார்கள். வரையறைகளிலிருந்து தொடங்கினால் நமக்குத் தலை சுற்றும். ஒரு வழக்கின் கூடவே நடந்து போனால் பாதை தெளிவாகத் தெரியும். டீயை ஊற்றிக்கொள்ளுங்கள், நிகராகுவா வரைக்கும் போக வேண்டியிருக்கிறது.

மத்திய அமெரிக்காவில் இருக்கும் நிகராகுவாவின் கிழக்குப் பாதி, கரீபியன் கடலை நோக்கிச் சரியும் பெருங்காடு. அதன் வடபகுதியில், வாவா ஆற்றங்கரையில் அவாஸ் டிங்னி என்று ஓர் ஊர். மயங்னா மக்கள் வாழும் ஊர் அது. வழக்கு நடந்த காலத்தில் அறுநூறு பேருக்குச் சற்று மேல் இருந்தார்கள். வேட்டை, மீன்பிடி, பழமும் மூலிகையும் சேகரிப்பது, குடும்பம் குடும்பமாகக் கொஞ்சம் பயிர் செய்வது, இதுதான் பிழைப்பு. ஒரு குடும்பம் எந்தத் துண்டில் பயிரிடுகிறது என்பது ஊருக்கே தெரியும், அதில் மற்றவர் கை வைக்க மாட்டார்கள். ஆனால் எந்தத் துண்டையும் யாரும் விற்க முடியாது, காடு மொத்தமும் ஊருக்குச் சொந்தம். வேட்டைக்குப் போனால் பல நாள் காட்டிலேயே தங்குவார்கள். அப்படித் தங்கும் இடங்கள், முன்னோர் இருந்து விட்டுவந்த பழைய ஊர்கள், இறந்தவர்களைப் புதைத்த இடங்கள், ஆவிகள் குடியிருப்பதாக அவர்கள் வணங்கும் குன்றுகள், எல்லாம் சேர்ந்ததுதான் அவர்களுக்கு ஊர். வீடுகள் இருக்கும் இடம் அதில் ஒரு மூலை.

1996 மார்ச்சில் நிகராகுவா அரசு இந்தக் காட்டில் சுமார் 62,000 ஹெக்டேரில், நம் கணக்கில் ஒன்றரை லட்சம் ஏக்கரில், மரம் வெட்டும் உரிமத்தை 30 ஆண்டுகளுக்கு ஒரு நிறுவனத்துக்குக் கொடுத்தது. சோல்கார்சா என்று பெயர், கொரிய முதலீட்டில் நடந்த நிறுவனம். அரசின் கணக்கு நேரானது: இந்த நிலத்துக்கு யாரிடமும் பத்திரம் இல்லை, பத்திரம் இல்லாத நிலம் அரசின் நிலம், அரசு தன் நிலத்தைத் தன் இஷ்டப்படி குத்தகைக்கு விடலாம்.

இதில் விசித்திரம் என்னவென்றால், அதே நாட்டின் 1987ஆம் ஆண்டு அரசியலமைப்புச் சட்டம் அந்தக் கடற்கரைச் சமூகங்களின் பொது நிலவுடைமையை வெளிப்படையாகவே ஏற்றுக்கொண்டிருந்தது. உரிமை காகிதத்தில் இருந்தது. ஆனால் அந்த நிலத்தை அளந்து, எல்லை குறித்து, ஊர் பெயரில் பத்திரம் எழுதித் தருவதற்கு நாட்டில் ஒரு நடைமுறையும் கிடையாது. எந்த அலுவலகத்தில் மனு கொடுப்பது, எந்தப் படிவத்தை நிரப்புவது என்பதற்கே வழியில்லை. 'உனக்கு நிலத்தில் உரிமை உண்டு, நிரூபிக்கப் பத்திரம் கொண்டு வா' என்று சொல்லிவிட்டு, பத்திரம் தரும் அலுவலகத்தைத் திறக்காமலே வைத்திருந்தால் எப்படி இருக்கும், அதுதான் நடந்தது.

ஊரார் உள்நாட்டு நீதிமன்றத்துக்குப் போனார்கள், மனு தள்ளுபடியானது. வட்டார மன்ற உறுப்பினர்கள் தொடுத்த இன்னொரு வழக்கில் 1997 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்த உரிமம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. வெற்றி போலத்தான் தெரிகிறது. ஆனால் நீதிமன்றம் சொன்ன காரணம், உரிமத்துக்கு அந்த வட்டாரத்தின் தன்னாட்சி மன்றம் முறைப்படி ஒப்புதல் தரவில்லை என்பது. நிலம் யாருடையது என்ற கேள்வியை அது தொடவே இல்லை. விளைவு, அதே ஆண்டு அந்த மன்றம் கூடி, ஏற்கெனவே கொடுத்தாகிவிட்ட உரிமத்துக்குப் பிற்பாடு ஒப்புதல் கொடுத்துவிட்டது. 1998 தொடக்கத்தில் உரிமம் ஒருவழியாக ரத்தானது உண்மை. ஆனால் நாளைக்கு இன்னொரு நிறுவனம் வராது என்பதற்கு என்ன உத்தரவாதம்?

இந்த இடத்தில்தான் சர்வதேசச் சட்டம் உள்ளே வருகிறது. அமெரிக்கக் கண்டங்களின் நாடுகள் 1969இல் ஒரு மனித உரிமை உடன்படிக்கை செய்துகொண்டன. அதை ஏற்ற அரசுகள் தம் குடிமக்களிடம் எப்படி நடந்துகொள்கின்றன என்பதைக் கவனிக்க வாஷிங்டனில் ஓர் ஆணையம், கோஸ்டாரிகாவின் சான் ஹோசே நகரில் ஒரு நீதிமன்றம். தனி மனிதரோ ஊரோ நேரே நீதிமன்றத்துக்குப் போக முடியாது. ஆணையத்திடம் முறையிட வேண்டும், ஆணையம் விசாரித்து அவசியம் என்று நினைத்தால் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகும். அவாஸ் டிங்னி மக்கள் உரிமம் தரப்படும் முன்பே, 1995இலேயே முறையிட்டிருந்தார்கள். 1998இல் வழக்கு நீதிமன்றத்துக்கு வந்தது. 2000ஆம் ஆண்டு நவம்பரில் மூன்று நாள் சாட்சி விசாரணை. காட்டில் வேட்டையாடிப் பழகிய மனிதர்கள் விமானம் ஏறிப் போய், அங்கி அணிந்த நீதிபதிகளுக்கு முன்னால் தங்கள் குன்றுகளின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னார்கள்.

அரசுத் தரப்பு வாதங்களை நாம் அலட்சியமாகத் தள்ளக்கூடாது, ஏனென்றால் உலகம் முழுவதும் அரசுகள் சொல்வது அவைதான். இவர்களிடம் பத்திரம் இல்லை. இத்தனை சிறிய ஊர் இவ்வளவு பெரிய காட்டைக் கேட்பது நியாயமில்லை. இவர்களே இப்போதிருக்கும் இடத்துக்கு 1940களில்தான் வந்து சேர்ந்தவர்கள். பக்கத்து ஊர்களும் இதே நிலத்தின் பகுதிகளைக் கேட்கின்றன. ஊரார் இதற்கு ஒரு வரைபடத்தை முன்வைத்தார்கள். தியடோர் மக்டொனால்ட் என்ற மானுடவியலாளரின் உதவியோடு, செயற்கைக்கோள் வழி இடம் காட்டும் கருவியைக் கையில் எடுத்துக்கொண்டு, காட்டுக்குள் நடந்து நடந்து குறித்த வரைபடம். எங்கே வேட்டை, எங்கே பழைய ஊர், எங்கே கல்லறை, எங்கே தெய்வக் குன்று என்பது அதில் இருந்தது. 1940களில் இடம் மாறியது உண்மைதான், ஆனால் மாறியது தங்கள் சொந்தக் காட்டுக்குள்ளேயே என்பது அதைப் பார்த்தால் புரியும்.

இனி சட்டம் என்ன சொன்னது என்று பார்ப்போம். அந்த உடன்படிக்கையில் பழங்குடி என்ற பேச்சே கிடையாது. அதன் 21ஆம் பிரிவு சொல்வது, தன் சொத்தைப் பயன்படுத்தவும் அனுபவிக்கவும் ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு என்பது மட்டுமே. சென்னையில் அடுக்குமாடி வீடு வைத்திருப்பவருக்கு நம் சட்டம் தரும் பாதுகாப்பும் இந்த மாதிரிப் பொதுவான ஒன்றுதான். நீதிபதிகள் இந்தப் பிரிவு எழுதப்பட்டபோது நடந்த விவாதங்களைப் புரட்டினார்கள். முதல் வரைவில் 'தனியார் சொத்து' என்று இருந்திருக்கிறது, விவாதத்துக்குப் பிறகு 'தனியார்' என்பது எடுக்கப்பட்டுவிட்டது. அப்படியானால் இந்தப் பிரிவு காப்பது தனி ஆளின் சொத்தை மட்டும் என்று எப்படிச் சொல்வது? மேலும், மனித உரிமை உடன்படிக்கையில் வரும் 'சொத்து' எது என்பதை ஒவ்வொரு நாட்டின் பதிவுத் துறையும் தீர்மானிக்க முடியாது, அதற்கு உடன்படிக்கைக்குள்ளேயே ஓர் அர்த்தம் இருக்கிறது என்றார்கள். ஊர் முழுக்கச் சேர்ந்து வைத்திருக்கும் நிலமும் சொத்துதான். 2001 ஆகஸ்ட் 31 அன்று வந்த தீர்ப்பின் அடித்தளம் இது. பழங்குடிச் சமூகத்தின் நிலத்தை உடன்படிக்கையின் சொத்துரிமையாக ஏற்று, ஒரு சர்வதேச நீதிமன்றம் தன்னை ஏற்ற அரசைக் கட்டுப்படுத்தும் தீர்ப்பு வழங்கியது இதுவே முதல்முறை.

அந்தத் தீர்ப்பில் இன்னொரு கருத்து வருகிறது, நான் இந்தப் பத்தியை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். பழங்குடிச் சமூகத்துக்குப் பத்திரம் இல்லாவிட்டாலும், அவர்கள் வழக்கப்படி அந்த நிலத்தில் இருந்து வருவதே போதும், அதை வைத்து அரசு அவர்கள் உரிமையை ஏற்றுப் பதிவு செய்ய வேண்டும் என்றது நீதிமன்றம். ஒரு பிறப்புச் சான்றிதழை எண்ணிப் பாருங்கள். கிராமத்தில் குழந்தை பிறக்கிறது, பத்து வருஷம் கழித்துப் பள்ளியில் கேட்கிறார்கள் என்று தாலுகா ஆபீசுக்கு அலைந்து சான்றிதழ் வாங்குகிறார்கள். அந்தக் காகிதம் வந்த அன்றைக்கா குழந்தை பிறந்தது? காகிதம் தொலைந்தால் பிறப்பு இல்லாமல் போய்விடுமா? நிலத்துக்கும் இதையே சொன்னது தீர்ப்பு. பத்திரம் உரிமையைப் பிறப்பிப்பதில்லை, ஏற்கெனவே இருக்கும் உரிமையை எழுதி வைக்கிறது.

நம்மில் பலருக்கும் புரியாமல் போவது இந்த ஒன்றுதான். அரசு என்று ஒன்று முதலில் இருந்தது, நிலமெல்லாம் அதனிடம் இருந்தது, அது மனமிரங்கிக் கொஞ்சம் நிலத்தைக் காட்டுவாசிகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறது என்று நினைத்துவிடுகிறோம். அந்தக் கண்ணால் பார்த்தால் பழங்குடி உரிமை சலுகையாகத்தான் தெரியும். இட ஒதுக்கீடு, உதவித்தொகை போல நலத்திட்டப் பட்டியலில் அதையும் சேர்த்துவிடுவோம். வரலாறோ நேர்மாறாக நடந்திருக்கிறது. நிகராகுவா என்ற நாடு உருவாகும் முன்பே மயங்னா மக்கள் அங்கே இருந்தார்கள். ஐரோப்பியர் வந்து, எல்லைகள் வரைந்து, பதிவுப் புத்தகம் திறந்து, அதில் தங்களுக்கு வேண்டியவர் பெயரை எழுதிக்கொண்டார்கள். பெயர் எழுதப்படாதவர் திடீரென்று தம் சொந்த நிலத்திலேயே அத்துமீறிக் குடியேறியவர் ஆனார்.

ஆகவே முதலில் கேட்ட கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம். அவாஸ் டிங்னி மக்கள் மற்றவர்களுக்கு இல்லாத ஓர் உரிமையைக் கேட்கவில்லை. மற்ற எல்லாருக்கும் இருக்கும் சொத்துரிமை தங்களுக்கும் உண்டு என்றார்கள். மற்றவர்கள் சொத்தைத் தனித்தனியாக, பத்திரத்தோடு வைத்திருக்கிறார்கள், இவர்கள் சேர்ந்து, பத்திரமில்லாமல் வைத்திருக்கிறார்கள். ஒரு வகையை மட்டும் சொத்து என்று ஒப்புக்கொண்டு மற்றதைத் தரிசு என்று எழுதிவிட்டு, பிறகு சமத்துவம் பேசுவதில்தான் பாரபட்சம் இருந்தது. இந்த இடத்தில் எனக்கு எந்தத் தயக்கமும் கிடையாது. அந்த நீதிமன்றம் சரியாகவே பார்த்தது.

சர்வதேசச் சட்டம் எப்போதும் இப்படி இருந்ததில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பதினாறாம் நூற்றாண்டு ஸ்பெயினில் பிரான்சிஸ்கோ டி விட்டோரியா என்ற இறையியலாளர், அமெரிக்கப் பூர்வகுடிகளுக்குத் தம் நிலத்தின் மேல் உண்மையான உரிமை உண்டு என்றே வாதிட்டார். ஆனால் அதே மூச்சில், ஸ்பானியர்கள் அங்கே பயணம் செய்யவும் வணிகம் செய்யவும் உரிமை உள்ளவர்கள், அதைத் தடுத்தால் போர் தொடுக்கலாம் என்றும் கதவைத் திறந்துவிட்டார். மூன்றாம் உலக நோக்கில் சட்ட வரலாறு எழுதும் ஆண்டனி ஆங்கி, சர்வதேசச் சட்டமே இந்தச் சந்திப்பில்தான் உருவெடுத்தது என்று 2005இல் வெளிவந்த தம் நூலில் வாதிடுகிறார். 1923இல் கனடாவிலிருந்து டெஸ்காஹே என்ற கயுகா தலைவர், தம் ஆறு தேச ஹோடெனொஷோனி கூட்டமைப்பு தந்த கடவுச்சீட்டோடு ஜெனீவாவுக்குப் போனார். சர்வதேச சங்கத்தில் பேச அனுமதி கேட்டுக் காத்திருந்தார். பிரிட்டன் தடுத்தது, கடைசிவரை யாரும் அவரைப் பேச விடவில்லை. 1957இல் சர்வதேச தொழிலாளர் அமைப்பு பழங்குடிகளுக்காக ஓர் ஒப்பந்தம் கொண்டுவந்தது, எண் 107. நல்லெண்ணத்தில் எழுதப்பட்டதுதான், ஆனால் பழங்குடிகள் நாளடைவில் பெரும்பான்மைச் சமூகத்தில் கரைந்துவிடுவார்கள் என்பது அதன் எதிர்பார்ப்பு. 1989இல் வந்த 169ஆம் ஒப்பந்தம் அந்த எதிர்பார்ப்பைக் கைவிட்டது. இந்தியா 1958இல் பழைய ஒப்பந்தத்தில் சேர்ந்தது, புதியதில் இன்றுவரை சேரவில்லை.

ஐக்கிய நாடுகள் பொதுச்சபை பழங்குடி மக்களின் உரிமைப் பிரகடனத்தை 2007 செப்டம்பர் 13 அன்று நிறைவேற்றியது. 144 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்து வாக்களித்தவை நான்கே நாடுகள்: அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து. நான்கும் பூர்வகுடிகளின் நிலத்தின் மேல் குடியேறிகள் எழுப்பிய நாடுகள். சில ஆண்டுகளில் நான்குமே மனம் மாறி ஆதரவு தெரிவித்தன. இந்தியா ஆதரித்து வாக்களித்தது, கூடவே தன் வழக்கமான நிலைப்பாட்டையும் வைத்தது: இந்தியர்கள் எல்லாருமே இந்த மண்ணின் பூர்வகுடிகள்தான், ஆகவே இங்கே தனியாக ஒரு பிரிவினர் இல்லை.

இந்த நிலைப்பாடு கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அது 'முதலில் வந்தவர் யார்' என்ற போட்டியாக விஷயத்தைச் சுருக்கிவிடுகிறது. தென் அமெரிக்காவின் வடகரையில் இருக்கும் சூரினாமில் சரமாக்கா என்றொரு மக்கள். இவர்கள் அமெரிக்கக் கண்டத்தின் ஆதிகுடிகளே அல்ல. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டு, தோட்டங்களிலிருந்து தப்பிக் காட்டுக்குள் போய்த் தங்களுக்கென ஒரு சமூகத்தைக் கட்டிக்கொண்டவர்களின் சந்ததி. இவர்கள் வழக்கு 2007 நவம்பரில் அதே சான் ஹோசே நீதிமன்றத்தில் தீர்ப்பானது. ஆதிகுடிகளோ இல்லையோ, நிலத்தோடு கூட்டாகப் பின்னிய வாழ்க்கையும் தமக்கென வழக்காறும் உள்ள மக்கள், ஆகவே அதே பாதுகாப்பு இவர்களுக்கும் உண்டு என்றது நீதிமன்றம். எப்போது வந்தார்கள் என்பதைவிட, அந்த நிலம் போனால் இந்த மக்கள் மக்களாக மிஞ்சுவார்களா என்பதே கேள்வி என்று ஆயிற்று. கென்யாவில் போகோரியா ஏரிக்கரையிலிருந்து வனவிலங்குக் காப்பகத்துக்காக வெளியேற்றப்பட்ட எண்டொரோயிஸ் மக்களின் முறையீட்டில், 2010இல் வெளியான ஆப்பிரிக்க ஆணையத்தின் முடிவு இந்தத் தீர்ப்புகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே எழுதப்பட்டது.

சரி, நிலம் அவர்களுடையது என்று ஒப்புக்கொண்டாகிவிட்டது. அடியில் தாது இருக்கிறது, நாட்டுக்குத் தேவை, அப்போது என்ன செய்வது? சரமாக்கா தீர்ப்பு அரசின் கையை முழுக்கக் கட்டிப்போடவில்லை. மக்களோடு உண்மையாகக் கலந்து பேச வேண்டும், வருகிற லாபத்தில் பங்கு தர வேண்டும், பாதிப்பு என்ன என்று முன்பே சுதந்திரமாக ஆராய வேண்டும். பெரிய அளவில் நிலத்தைப் பாதிக்கும் திட்டமானால் கலந்து பேசுவது போதாது, அவர்கள் சம்மதமே வேண்டும். அந்தச் சம்மதம் மிரட்டலின்றி, வேலை தொடங்கும் முன்பே, முழு விவரமும் தெரிந்தபின் தரப்பட்டதாக இருக்க வேண்டும். 2012இல் ஈக்வடாரின் சரயாகு மக்களின் வழக்கில் இது எவ்வளவு கண்கூடான விஷயம் என்று தெரிந்தது. கேட்காமலே உள்ளே போன எண்ணெய் நிறுவனம், ஆய்வுக்காக ஆயிரம் கிலோவுக்கும் மேல் வெடிபொருளை அவர்கள் காட்டில் ஆங்காங்கே புதைத்துவிட்டுப் போயிருந்தது. வேட்டைக்கு நடக்கும் பாதையில் எங்கே வெடி இருக்கிறது என்று தெரியாமல் நடக்க வேண்டிய நிலை.

நம் நாட்டிலும் இந்தச் சரடு வந்து சேர்ந்திருக்கிறது. ஒடிசாவின் நியாம்கிரி மலையில் பாக்சைட் வெட்டும் திட்டம் பற்றி 2013 ஏப்ரலில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், தொழிலாளர் அமைப்பின் ஒப்பந்தத்தையும் ஐ.நா. பிரகடனத்தையும் சுட்டிக்காட்டி, முடிவைக் கிராம சபைகளிடம் விட்டது. 12 கிராம சபைகள் கூடின, பன்னிரண்டும் வேண்டாம் என்றன. அந்தத் தீர்ப்புக்கு ஆதாரமான 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் முன்னுரையைப் படித்துப் பாருங்கள். வனவாசிகளுக்கு வரலாற்று அநீதி நடந்திருக்கிறது, அவர்கள் உரிமை பதிவு செய்யப்படாமல் விடப்பட்டது என்று அரசே ஒப்புக்கொள்கிறது. வாவா ஆற்றங்கரையில் நாம் பார்த்த அதே நியாயம்.

இதுவரை எல்லாம் ஒரே திசையில் போய்க்கொண்டிருந்தது. இனிச் சற்று மெதுவாக நடக்க வேண்டும், அறிஞர்களுக்குள் கருத்து பிரிவது இங்கேதான். அவாஸ் டிங்னி மக்களுக்காக வழக்காடியவர்களில் ஜேம்ஸ் அனாயா ஒருவர். சட்டப் பேராசிரியர், பிறகு 2008 முதல் 2014 வரை பழங்குடி மக்களுக்கான ஐ.நா.வின் சிறப்பு அறிக்கையாளர். மனித உரிமை என்ற பாதையே இவர்களுக்கு நல்ல பாதை என்பது அவர் கட்சி. சுயநிர்ணய உரிமை என்றால் தனிநாடு கேட்பது என்றே அரசுகள் நடுங்குகின்றன, அப்படி அர்த்தப்படுத்தத் தேவையில்லை, தங்கள் வாழ்வைத் தாங்களே நடத்திக்கொள்ளும் மனித உரிமையாக அதைப் பாருங்கள் என்கிறார்.

கேரன் எங்கிள் என்ற இன்னொரு சட்டப் பேராசிரியர் 2010இல் ஒரு நூலில் இதன் மறுபக்கத்தைக் காட்டினார். சுயநிர்ணயத்தை விட்டுப் பண்பாடு, மரபு, நிலத்தோடு உள்ள ஆன்மிக உறவு என்று வாதிட ஆரம்பித்ததால் வழக்குகள் ஜெயித்தன. ஆனால் அந்த வாதமே ஒரு கூண்டாகவும் மாறுகிறது. பாரம்பரியமாக வாழ்ந்து காட்டினால்தான் நிலம். நிலத்தடிச் செல்வமும் அரசியல் அதிகாரமும் பேச்சிலிருந்தே நழுவிவிடுகின்றன. சரமாக்கா தீர்ப்பிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. அந்த மக்கள் மரபாகப் பயன்படுத்தி வந்த, பிழைப்புக்கு இன்றியமையாத வளங்கள்தான் அவர்கள் சொத்துரிமைக்குள் வரும் என்றது நீதிமன்றம். மரம் அதில் வந்தது. தங்கம் அவர்கள் பண்பாட்டில் மரபாகப் பயன்படவில்லை என்பதால், தங்கச் சுரங்கம் தண்ணீரையும் மற்றதையும் கெடுக்கிறதா என்ற கணக்கில்தான் வந்தது. என் வீட்டுக் கொல்லையில் உள்ள பொருளை என் தாத்தா பயன்படுத்தினாரா என்று என்னிடம் யாரும் கேட்பதில்லை. எங்கிள் சுட்டும் ஆபத்து உண்மையானது என்றே நான் நினைக்கிறேன். அதற்காக அனாயா பிழை செய்தார் என்று சொல்ல மனம் வரவில்லை. கோடரி மரத்தின் மேல் விழப்போகும் நேரத்தில் கையில் கிடைத்த சட்டப் பிரிவைத்தான் எடுக்க முடியும்.

இன்னொரு கேள்வி வாசகர் மனத்தில் இந்நேரம் எழுந்திருக்கும். ஊருக்கு உரிமை, கூட்டத்துக்கு உரிமை என்கிறோமே, கூட்டத்துக்குள் இருக்கும் ஒரு தனி ஆளின் கதி என்ன, குறிப்பாக ஒரு பெண்ணின் கதி? கனடாவின் டோபிக் என்ற இடத்தில் மாலிசீட் இனத்தில் பிறந்த சாண்ட்ரா லவ்லேஸ், இனத்துக்கு வெளியே மணம் செய்துகொண்டதால் கனடாவின் சட்டப்படி பழங்குடி என்ற தகுதியை இழந்தார். அதே காரியத்தை ஓர் ஆண் செய்தால் எதுவும் ஆகாது. மணமுறிவுக்குப் பின் குழந்தைகளோடு ஊர் திரும்பியவருக்கு அங்கே வீடு கட்ட உரிமை இல்லை. அவர் ஐ.நா. மனித உரிமைக் குழுவிடம் போனார். 1981இல் குழு அவர் பக்கம் முடிவு சொன்னது. அவர் தகுதி இழந்தது, அந்தக் குழு கண்காணிக்கும் ஐ.நா. உடன்படிக்கைக்குள் கனடா வருவதற்கு முன்பு என்பதால், ஆண்பெண் பாகுபாட்டை வைத்துக் குழு தீர்ப்புச் சொல்லவில்லை. சிறுபான்மையினர் தம் குழுவினரோடு சேர்ந்து தம் பண்பாட்டை அனுபவிக்கும் உரிமையைச் சொல்லும், அந்த உடன்படிக்கையின் 27ஆம் பிரிவை எடுத்தது. அவர் மொழியும் பண்பாடும் உயிரோடு இருக்கும் ஊர் அது ஒன்றுதான், அங்கிருந்து அவரை விலக்குவது அந்த உரிமையைப் பறிப்பது என்றது. தனி மனித உரிமையும் கூட்டு உரிமையும் எதிரெதிர் என்று நாம் பாடமாகப் படித்திருக்கிறோம். லவ்லேஸ் கேட்டதோ, கூட்டத்தோடு இருப்பதற்கான தனி மனித உரிமை. 1985இல் கனடா தன் சட்டத்தைத் திருத்தியது.

மறுபடி வாவா ஆற்றங்கரைக்கு வருவோம், ஏனென்றால் தீர்ப்பு வந்ததோடு கதை முடியவில்லை. பதினைந்து மாதத்துக்குள் நிலத்தை அளந்து பத்திரம் கொடு என்றது நீதிமன்றம். நிகராகுவா 2003இல் அதற்கென்று 445ஆம் எண் சட்டம் கொண்டுவந்தது, அவாஸ் டிங்னிக்கு மட்டுமல்லாமல் அந்தக் கடற்கரையின் மற்றப் பழங்குடிச் சமூகங்களுக்கும் வழி திறந்த சட்டம். பத்திரம் கைக்கு வந்தது 2008 டிசம்பரில், தீர்ப்புக்கு ஏழு ஆண்டு கழித்து. பரப்பு 73,000 ஹெக்டேருக்கு மேல்.

அந்தச் சட்டம் ஐந்து கட்டங்களை வகுத்திருக்கிறது: மனு, எல்லைத் தகராறு தீர்ப்பது, அளப்பது, பத்திரம் தருவது, கடைசியாக உள்ளே புகுந்து குடியேறியிருக்கும் வெளியாரை அகற்றி நிலத்தை ஒப்படைப்பது. முதல் நான்கு கட்டம் வரை அரசு வந்தது. மரம் வெட்டவும் மாடு மேய்க்கவும் வந்த குடியேறிகள் நாட்டின் அந்தப் பகுதியில் பெருகிக்கொண்டே போகிறார்கள், மயங்னா ஊர்களில் அவர்கள் நடத்திய தாக்குதல்களில் உயிர்கள் போயிருக்கின்றன. ஐந்தாவது கட்டத்துக்கு நீதிமன்றத் தீர்ப்பு ஏற்கெனவே இருக்கிறது, சட்டம் இருக்கிறது, பத்திரமும் இருக்கிறது. காவலரை அனுப்ப வேண்டியது தலைநகர் மானாகுவாவில் இருக்கும் அரசு, அது இன்னும் அனுப்பவில்லை.